தேவானை தோட்டத்தில் நான் இறக்கிய போர்வெல்

எங்கள் முதலாளியின் மகன் புது ஆபீஸ் திறக்கிறார். அதற்கு ஒரு விழா மலர் போடப் போகிறாராம். "அண்ணா, நீங்க வடநாடெல்லாம் சுத்துனவரு. ரிக் வண்டி அனுபவத்த ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப வண்டியெல்லாம் மாறிப்போச்சு, புதுசா வர்றவங்களுக்குப் பழைய சங்கதி ஒண்ணும் தெரியறதில்ல. கொஞ்சம் சிரிப்பா இருக்கட்டுமுங்க" என்று போனில் சொன்னார்.

சிரிப்புக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. ராஜஸ்தானில் ஒட்டகம் எங்கள் சோற்றுக் குண்டானில் வாய் வைத்த கதை இருக்கிறது. இந்தி தெரியாமல் கல்யாண வீட்டுக்குள் பாய் படுக்கையோடு போய் நின்ற கதை இருக்கிறது. அதையெல்லாம் டீக்கடையில் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. எழுது என்று பேனாவைக் கொடுத்தால் வேறு ஒன்றுதான் வருகிறது. மலரில் போட்டால் போடட்டும். போடாவிட்டால் வடை மடித்துக்கொடுக்கவாவது ஆகட்டும்.

எனக்குப் பெயர் சென்னியப்பன். ஊர் காரமடைக்கு மேற்கே. ரிக் வண்டி என்பது பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிற வண்டி. ஒரு லாரியில் துளை போடும் இயந்திரமும், காற்றடிக்கிற கம்ப்ரசரும் இருக்கும். இன்னொரு லாரியில் நீளமான இரும்பு ராடுகள், டீசல் பீப்பாய், அரிசி மூட்டை, எங்கள் துணிமணி எல்லாம் வரும். கல்யாணத்துக்கு முன்பே வண்டியில் சேர்ந்தேன். முதலில் சமையல், பிறகு கிரீஸ் வைப்பது, பிறகு ராடு மாட்டுவது. ஒரு விரல் நகம் மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ கிடக்கிறது. இடது காதைக் கம்ப்ரசருக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் டிரில்லர் ஆக்கினார்கள். என் படிப்பு இவ்வளவுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஆறுமுகண்ணன். எங்கள் வண்டியின் தலைமை டிரில்லர். குள்ளமான மனுஷன். வாயில் எப்போதும் ஒரு பாக்கு. கம்ப்ரசர் ஓடுகிறபோது பத்தடி தள்ளி நிற்பவனுக்குக் காது கேட்காது. மற்ற வண்டிகளில் டிரில்லர்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். ஆறுமுகண்ணன் கத்தவே மாட்டார். இரண்டு விரலைக் காட்டினால் ராடு கொண்டு வா, உள்ளங்கையைக் கவிழ்த்தால் காற்றைக் குறை. யாராவது தப்புச் செய்தால் மட்டும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து, "கண்ணு, இப்ப என்ன பண்ணுனீன்னு நீயே சொல்லு" என்பார். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நாமே நம் தப்பைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம்.

துளையிலிருந்து வருகிற தூளைக் கையில் அள்ளி, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். வெள்ளையாக மாவு மாதிரி வந்தால் கெட்டிப் பாறை. பழுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக வந்தால் பாறைப் பிளவு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பிளவில்தான் தண்ணீர் ஓடும். ஒரு சொட்டும் இல்லாமல் வெறும் தூள் மட்டும் மேலே பறந்தால் அதைப் புகை என்போம். புகை என்று டிரில்லர் வாயால் சொல்லிவிட்டால், தோட்டத்துக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான்.

ஆறுமுகண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும், பூஜை போட்டுத் தேங்காய் உடைப்பதற்கு முன்பு, அக்கம்பக்கத்துக் காடு தோட்டங்களில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். "உங்க போரு எங்கீங்க இருக்குது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். இந்திக்காரனிடமும் தமிழில்தான் கேட்பார். எப்படியோ பதில் வாங்கிவிடுவார். பக்கத்தில் பழைய போர்வெல் இருந்தால், அதிலிருக்கிற மோட்டாரை முதலில் வெளியே எடுத்துவிடச் சொல்வார். பிறகு அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து, சணலால் இறுக்கிக் கட்டி, ஒரு ஆளைக் காவலுக்கு உட்கார வைப்பார். நாங்கள் துளை போடும்போது அந்தக் கவர் உப்பினால், நம் காற்று பாறைப் பிளவு வழியாக அங்கே போகிறது என்று அர்த்தம். இரண்டு போருக்கும் ஒரே ஊற்று. கவர் உப்பினால் உடனே கம்ப்ரசரை நிறுத்திவிட வேண்டும். மீறி ஆழமாகப் போனால் பழைய போர் உள்ளே சரிந்துவிடும், அல்லது அதன் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிவிடும்.

மத்தியப் பிரதேசத்தில் சாகர் பக்கம் ஒரு ஊரில் அப்படித்தான் பக்கத்துக் காட்டுக்காரர் போரில் கவர் உப்பியது. நிலத்துக்காரர் பெரிய ஆள். இன்னும் ஐம்பது அடி போ, தண்ணீர் வந்துவிடும் என்று குதித்தார். ஆறுமுகண்ணன் ராடுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்து லாரியில் அடுக்கிவிட்டார். அதற்கு முதலாளி போனில் கிழித்த கிழி எங்களுக்கே கேட்டது. "அண்ணா, நமக்கென்னுங்க வந்துச்சு, போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கலாமல்ல" என்றேன். அவர் பாக்கைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வெடிஞ்சா நாம வண்டியெடுத்துட்டுப் போயிருவோம் கண்ணு. இவங்க ரெண்டு பேரும் இங்கயேதான மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கோணும்." அப்போது எனக்கு அது வெறும் பெரியமனுஷத்தனமாகத் தோன்றியது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எனக்குத் தேவானையைக் கட்டிவைத்தார்கள். ஒரு பெண் குழந்தை, கவிதா. அப்பா பங்கில் வந்த இரண்டரை ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் வண்டிக்கு வேலை இருக்காது. அந்த இரண்டு மாதம்தான் நான் வீட்டில் இருப்பேன். ஊரில் எல்லோரிடமும் ஜம்பமாகச் சொல்லி வைத்திருந்தேன், என் காட்டில் நானே போர் போட்டு வாழை வைக்கப்போகிறேன் என்று. ஒரு வருஷம் முதலாளி வண்டியை எனக்காக விட்டார். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. முதல் துளை, புகை. அடுத்த நாள் மேட்டில் இன்னொரு துளை, அதுவும் புகை. ஆறுமுகண்ணன் அப்போது வண்டியில் இல்லை, உடம்பு முடியாமல் ஊருக்குப் போயிருந்தார். இருந்திருந்தாலும் நான் அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டேன்.

என் மாமனார் அங்கே நின்றுகொண்டிருந்தார். "மாப்ள ஊரு உலகத்துக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறாருங்க. சொந்தக் காட்டுக்குத்தான் புகை போடறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேவானையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அது சாதாரணச் சிரிப்பு. இப்போது யோசித்தால் நானும் சிரித்திருக்கலாம். அன்று சாயங்காலமே வண்டியோடு கிளம்பிவிட்டேன். கவிதா அப்போது மூன்றாம் வகுப்பு. அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நான் வீட்டுக்குப் போகவில்லை.

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "அங்க வேற குடும்பமுங்களா?" என்பதுதான். இல்லை. வேறு குடும்பம் இருந்திருந்தால்கூடக் காரணம் என்று சொல்ல ஒன்று இருந்திருக்கும். குடியும் இல்லை. முதல் வருஷம் ரோஷத்தில் போகவில்லை. அடுத்த வருஷம் போகலாம் என்றபோது, போன வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று வெட்கம். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் அதிக வெட்கம். மழைக்காலத்தில் எல்லோரும் ஊருக்குக் கிளம்புவார்கள். நான் வண்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று அங்கேயே தங்கிவிடுவேன். முதலில் கொஞ்சம் பணம் அனுப்பினேன், அப்புறம் அதையும் நிறுத்திவிட்டேன். கையில் செல்போன் வந்த பிறகும், வீட்டு நம்பர் கிடைத்த பிறகும், ஒரு தடவை அழுத்தவில்லை. என் மகள் பெரியவளானதும், கல்யாணம் ஆனதும் எனக்கு யாரோ சொல்லித் தெரியும். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

வயசாகி லீவரைப் பிடிக்கக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, திருச்செங்கோட்டில் முதலாளியின் பட்டறையில் உட்கார வைத்தார்கள். வேலை ஓய்ந்தவனுக்கு யோசிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது. ஒருநாள் துணிந்து காரமடைக்குப் பஸ் ஏறினேன்.

ஊர் எல்லையில் வழி கேட்டபோது, "தேவானை தோட்டமுங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். நான் போனபோது அது சென்னியப்பன் காடு. உள்ளே நுழைந்தால் கறிவேப்பிலைச் செடி பத்தி பத்தியாக நிற்கிறது. பக்கத்தில் நேந்திர வாழை. சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. நான் மேட்டில் இரண்டு துளை போட்டுத் தோற்றேன். அவள், நான் கண்ணெடுத்தும் பார்க்காத கீழ்மூலையில், பள்ளத்து ஓரத்தில், ஈரம் பார்த்துக் கரையான் புற்று கட்டியிருந்த இடத்தில் போர் போட்டிருக்கிறாள். அதிக ஆழம்கூட இல்லை. ஒன்றரை இஞ்ச் தண்ணீர், இந்தத் தோட்டத்துக்குப் போதும். அதை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, காட்டைத் தோட்டமாக்கியிருக்கிறாள்.

தேவானை என்னைப் பார்த்தாள். கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "வாங்க" என்றாள். பிறகு, "உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டாள். ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வந்தது. எங்கே போனாய், ஏன் வந்தாய், ஒரு கேள்வி இல்லை. திட்டுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அந்த மரியாதைக்குத்தான் நான் தயாராக இல்லை.

கவிதா பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள். மருமகன் சோமனூரில் தறிக்குப் போகிறவர், வாரத்துக்கு ஒருநாள் வருவார். கவிதா வந்து என்னைப் பார்த்தாள். "கண்ணு" என்றேன். "பொழுதோட பஸ்ஸு அஞ்சரைக்குங்க. அத உட்டா அடுத்தது நேரமாயிருமுங்க" என்றாள்.

இருந்தாலும் நான் மறுபடியும் போனேன். மாதம் ஒருதடவை, பிறகு வாரம் ஒருதடவை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் தேவானையே, "அந்தச் சொட்டுநீர்க் குழாயில அடைப்பு இருக்குதுங்க, பாக்கறீங்களா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க ஒவ்வொரு குழாயாக ஊதி ஊதிச் சுத்தம் செய்தேன். சாயங்காலம் அவள் போட்ட காப்பியில் சர்க்கரை சரியாக இருந்தது. நான் எவ்வளவு போட்டுக்கொள்வேன் என்பது அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்தக் கோடையில் அவள் போரில் தண்ணீர் குறைந்தது. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடும், அப்புறம் காற்றை இழுக்கும். வாழை தார் தள்ளியிருந்த சமயம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன். என்னால் ஆகிற காரியம் ஒன்று வந்துவிட்டது அல்லவா! "தேவானை, நான் ஒரு புது போர் போட்டுத் தரட்டுமா?" என்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "கோடையில எப்பவும் இப்படித்தானுங்க கொறையும். வைகாசி மழைக்கு ஏறிக்கும். நான் பாத்துப் பாத்து எறைச்சுக்குவேன். பக்கத்துல நோண்டுனா இருக்கறதுக்கும் கெடுதலுங்க."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள், பாருங்கள். நான் அதைக் கேட்டுவிட்டு, மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், போட்டுக் காட்டினால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

மாமனார் செத்துப்போய்ச் சில வருஷமாகிறது. அவருடைய திதிக்குத் தேவானையின் அண்ணன் கொடுமுடிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். தேவானையும் கவிதாவும் வெடியாலே கிளம்பிவிட்டார்கள். போய்விட்டு வரச் சாயங்காலம் ஆகும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, முந்தின நாளே வந்திருந்த என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சின்ன முதலாளியிடம் முன்னாடியே பேசி, மேட்டுப்பாளையத்தில் வண்டியைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தேன். அவர்கள் கார் ரோடு ஏறியதும் நான் போன் செய்தேன்.

மேட்டில் தண்ணீர் இல்லை என்பது எனக்கே தெரியும். ஊற்று ஓடுவது கீழ்மூலையில்தான். அதனால் அவள் போருக்குப் பக்கத்திலேயே இடம் குறித்தேன். ஒரு வாழைப் பத்தி அளவு இடைவெளிகூட இல்லை. அவளைவிட ஆழமாகப் போனால் போதும் என்று கணக்கு.

டிரில்லர் விஜி என்கிற தம்பி. நல்ல பையன். "அண்ணா, பக்கத்துலயே ஒரு போர் ஓடிக்கிட்டிருக்குதுங்களே. மோட்டார எடுத்துப் போட்டுட்டு ஆரம்பிக்கலாமுங்களா?" என்று கேட்டான்.

"நான் ராடு மாட்டுனப்ப நீ பொறக்கவே இல்ல. சோலியப் பாரு" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. மோட்டாரை எடுத்தால் பாதி நாள் போய்விடும், அவர்கள் வருவதற்குள் முடியாது என்பது என் கவலை. சரி, பைப்பைச் சுற்றியாவது கவரைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. பைப்பும் ஒயரும் இடைஞ்சலாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. கவர் உப்பினால் நிறுத்த வேண்டும். நிறுத்த எனக்கு மனசு இல்லை, அதனால் கட்டவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் செய்த ஒரு வேலையை, பெண்டாட்டியின் தண்ணீருக்கு நான் செய்யவில்லை.

பகல் முழுக்க வெள்ளைத் தூள். அவள் போரின் ஆழத்தைத் தாண்டினோம். பிறகு தூள் பழுப்பானது. கையில் அள்ளித் தேய்த்தேன், பிசுபிசுத்தது. இன்னும் இரண்டு ராடு இறங்கியதும் திடீரென்று ராடு ஒரு முழம் பிளவுக்குள் விழுந்தது. மேலே வந்தது பாருங்கள் தண்ணீர்! சேற்றுத் தண்ணீர், வேப்பமர உயரத்துக்கு. என் தலையெல்லாம் சேறு. நான் ஆடினேன். அறுபது வயசு தாண்டியவன், துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினேன். தேவானை காரைவிட்டு இறங்கி இதைப் பார்ப்பதை நினைத்துக்கொண்டேன். மாமனாருக்கும் மனசுக்குள் ஒரு பதில் சொன்னேன்.

பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் வரப்பில் ஓடி வந்து கையை ஆட்டினார். சந்தோஷத்தில் ஆட்டுகிறார் என்று நானும் ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும் வேகமாக ஆட்டினேன். அவர் கை காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தேவானையின் போர் வாயிலிருந்து சேறும் காற்றுமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பைப் குதித்துக்கொண்டிருந்தது. ஒயர் அறுந்து தொங்கியது.

"அடக் கெரகமே! நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினேன். கம்ப்ரசர் நின்றது. அந்த அமைதியில், அவள் போருக்குள் கல்லும் மண்ணும் சரிந்து சரிந்து கீழே போகிற சத்தம் எனக்கு நல்ல காதில் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

புதுத் துளையாவது நிற்கும் என்று பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் காற்றடித்தால் சேறு வந்தது, பிறகு ஈரத்தூள், பிறகு புகை. அவள் ஊற்றுத் தண்ணீரை நான் திறந்துவிட்ட பிளவு அப்படியே கீழே குடித்துவிட்டது. பழைய போரில் மோட்டார் மண்ணுக்குள் புதைந்துபோனது. விஜி ராடுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். கவிதா முதலில் இறங்கினாள். வண்டியைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், ஓடிப்போய்ப் போரைப் பார்த்தாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். "ஏனுங்க, உங்கள ஆருங்க கேட்டா?" என்றாள். சத்தமே போடவில்லை. ஒரு வழிப்போக்கனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

தேவானை கோயில் பையைக் கையில் வைத்துக்கொண்டே போர் வாயருகே போய் உட்கார்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் பின்னாலேயே போய், "தேவானை, உனக்கு நல்லது செய்யோணுமுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாமுன்னு சொன்னனா இல்லியா?" என்று கத்தினாள். என்னை நீங்க, வாங்க என்று தவிரப் பேசியறியாதவள். "சொன்னனா இல்லியா? எங்கப்பன் ஒரு வார்த்த சொன்னாரு, உனக்கு ரோசம் வந்துருச்சு, வண்டியேறிப் போயிட்ட. எனக்கு ரோசம் வந்தா நான் எங்க போறது? புள்ளையப் புடிச்சுக்கிட்டு இங்கயேதான கெடந்தேன்! நடுராத்திரி கரண்டு வந்தா ஓடியாந்து மோட்டாரப் போடுவேன். காய்ச்சலோட வந்து போடுவேன். இத்தன வருசம் நான் குடும்பம் பண்ணுனது இந்தப் போருகூட, உங்கூட இல்ல! இதையும் கொன்னுபோட்டியே, பாவி!"

அவள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வண்டிக்காரர்கள் வேறுபக்கம் பார்த்தார்கள்.

பிறகு நான் செய்ததை எழுதத்தான் கை கூசுகிறது. வண்டி கிளம்பத் தயாரானது. நான் என் பையை எடுத்துக்கொண்டு போய் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். யோசித்து ஏறவில்லை. கால் தானாக ஏறிவிட்டது. விஜி என்னைப் பார்த்தான், வண்டியை எடுக்கட்டுமா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தேவானை எழுந்து வந்தாள். லாரிக் கதவைத் திறந்தாள். "எறங்கு" என்றாள்.

"நான் இங்க இருந்து என்ன மூஞ்சிய..."

"எறங்கு! இன்னும் பத்து நாள்ல வாழை ஒண்ணொண்ணாச் சாயும். அதையும் நான் ஒருத்தியேதான் பாக்கோணுமா? நின்னு நீயும் பாரு."

இறங்கினேன்.

வாழை அவள் சொன்னபடியே சாய்ந்தது. தாரின் கனத்தைத் தாங்காமல், தண்டு மடங்கி, முகம் கவிழ்ந்து விழுந்தது. இரண்டு தடவை லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தோம். எந்த மூலைக்குக் காணும்? துக்கம் விசாரிப்பதுபோல ஊர்க்காரர்கள் வந்து போனார்கள். வருகிறவர்கள் போரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். விழுந்த மரங்களை வெட்டி ஓரத்தில் போடுவது என் வேலையானது. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை, செய்ய வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலை மட்டும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கிறது; மழை பெய்தால் துளிர்க்கும் என்கிறார்கள். தேவானை அன்று கத்தியதோடு சரி. மறுநாள் காலையிலேயே "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றாள். அந்த மரியாதை திரும்பி வந்தது எனக்கு அவள் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கவிதா இன்னும் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

இப்போது தேவானை அடுத்தவர் தோட்டத்துக்குக் கறிவேப்பிலை அறுக்கிற கூலிக்குப் போகிறாள். சொந்தமாகத் தோட்டம் வைத்து ஆள் விட்டு அறுத்தவள். முதல் இரண்டு நாள் அவள் போவதை வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் நானும் பின்னாலேயே கிளம்பினேன். அவள் ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

அந்தத் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆண் என்று நான் ஒருவன்தான். தோட்டத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இது ஆருங்க புதுசா?" என்று தேவானையிடம் கேட்டார்.

"எங்கூட்டுக்காரருங்க" என்றாள்.

எல்லா அரிவாளும் நின்றது. ஒரு அம்மா, "வடக்க போயிட்டாருன்னு சொன்னாங்களே, அவருங்களா?" என்று கேட்டார்.

"அவருதானுங்க. எங்க போரத் தூர்த்துப்போட்டதும் இவருதான்" என்று சொல்லிவிட்டுத் தேவானை குனிந்து அறுக்க ஆரம்பித்தாள்.

பத்து ஜோடிக் கண் என் மேல் இருந்தது. சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு, அவளுக்கு அடுத்த செடியில் குனிந்தேன்.